கொழுந்துக்குத் தராசு, முதுமைக்கு?

தரம் என்னும் சொல் ஊவா மலைநாட்டுக்குப் புதியதன்று. காலையில் பிரட்டுக்களத்திலே தொடங்கி மாலையில் தொழிற்சாலை வாசல்வரை அங்கே எல்லாம் நிறுக்கப்படுகின்றன. எல்லாம் தரம் பிரிக்கப்படுகின்றன. கூடையிலே முற்றிய இலை எவ்வளவு, ஈரத்துக்கென்று கழிக்கப்படுவது எத்தனை கிலோ என்பதற்கெல்லாம் கணக்குண்டு. அரைத்து உலர்த்திய தேயிலை பி. ஓ. பி. என்றும் டஸ்ட் என்றும் சல்லடையிலே பிரிக்கப்படுகின்றது. கொழும்பு ஏலத்துக்குப் போகுமுன் சுவை பார்ப்போர் அதனை நாவிலே வைத்துச் சோதிக்கின்றனர். ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றிலே விளையும் ஊவாத் தேயிலையின் மணத்துக்கு உலகச் சந்தையில் தனி விலை உண்டென்று கம்பெனிகள் பெருமை பேசுகின்றன.

அக்கொழுந்தை முப்பது நாற்பது ஆண்டு காலம் கிள்ளிய கைகள் முதுமையெய்திச் செயலற்றுப் போனபின் அவற்றுக்குக் கிடைக்கும் பராமரிப்பின் தரம் என்ன? அதனை நிறுப்பவர் யார்? எந்தத் தராசில்? இவ்வினாக்களை இந்நாட்டுப் பாராளுமன்றமும் கேட்டதில்லை. தொழிலாளர் மேடைகளில் முழங்கும் நாமும் கேட்டதில்லை.

அண்மையில் பெரகலச் சந்தியிலிருந்து கொஸ்லந்தை வீதியில் இறங்கி ஒரு தோட்டத்துக்குச் செல்ல நேர்ந்தது. காலஞ்சென்ற தொழிலாளி ஒருவரின் ஊழியர் சேமலாப நிதி சம்பந்தமான பத்திரத்தில் அவருடைய மனைவியின் கைந்நாட்டுப் பெறவேண்டியிருந்தது. அம்மூதாட்டிக்கு வயது எழுபத்து நான்கு. பாரிசவாதத்தால் வலப்பக்கம் விளங்கவில்லை. ஆகவே இடக்கைப் பெருவிரலையே மையில் தோய்த்தோம். லயக் காம்பராவின் உட்புறத்தில், அடுப்படிக்கும் சுவருக்கும் இடையே, பலகைக் கட்டிலொன்றில் அவர் கிடந்தார்.

எம் கண்ணைக் கவர்ந்தது கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கிய ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. அதிலே கோடு போட்டு நிரல்கள் வகுக்கப்பட்டிருந்தன. புரட்டிப் படுக்கவைத்த நேரம், குடித்த தண்ணீர், மாத்திரை, சிறுநீர், சீனியின் அளவு, முதுகில் தோல் எப்படி இருக்கிறது என்று தலைப்புகள். பத்து நாட்களுக்கு நிரல்கள் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. அடுத்த மூன்று நாட்களுக்குச் சரி அடையாளம் மட்டும் இருந்தது. அதன் பின்னர் வெறும் தாள்.

யார் எழுதியது என வினவினோம். இளைய மகள் என்றார்கள். அவர் கொழும்பிலே, முகவர் நிலையமொன்றின் மூலம், ஒரு பெரிய வீட்டில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கின்றார். அங்கே கட்டில் தலைமாட்டில் இப்படியொரு அட்டை தொங்குமாம். இரண்டு மணிக்கொரு முறை எழுதவேண்டுமாம். எழுதத் தவறினால் முகவர் நிலையத்துக்குத் தொலைபேசி போகுமாம். தைப்பொங்கலுக்குப் பத்து நாள் லீவில் வந்தவர் தன் தாய்க்கும் அவ்வாறே எழுதி வைத்தார். லீவு முடிந்து போய்விட்டார். அண்ணி மூன்று நாள் முயன்றார். பிறகு முடியவில்லை.

அண்ணியைக் குறை கூறுவார் யார்? விடிந்தால் மலைக்குப் போகவேண்டும்; திரும்ப மாலை ஐந்து மணியாகும். வீட்டில் ஒருவருடைய பெயராவது செக்ரோலில் இருந்தால்தான் காம்பரா நிலைக்கும் என்ற அச்சம் ஒருபுறம். கணவர் கொழும்பில் கடைச் சிப்பந்தி. பகல் முழுவதும் மூதாட்டிக்குத் தண்ணீர் கொடுப்பவர் அடுத்த காம்பராவில் உள்ள இன்னொரு முதியவள். நாம் புறப்படுகையில் அம்மூதாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: “கதவெச் சாத்திறாதீங்க ஐயா, ரோட்டு தெரியட்டும்.”

ஏற்றுமதிக்கு ஒரு தரம்

இலங்கையில் பராமரிப்புத் தொழிலுக்குத் தரக்கட்டுப்பாடே இல்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. தாராளமாக உண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழுள்ள தேசிய தொழிற் தகைமை முறையிலே பராமரிப்பாளருக்கென்று நிலைகள் வகுக்கப்பட்டுள்ளன, பாடவிதானம் உண்டு, பரீட்சை உண்டு. 2019ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்நாட்டில் முதியோரைப் பராமரிக்கச் செல்ல விரும்பும் நம் இளைஞர், ஜப்பானிய மொழியிலும் பராமரிப்புத் திறனிலும் தேர்வெழுதித் தேறவேண்டும். இஸ்ரேலுக்குச் செல்வோர்க்கும் தெரிவும் பயிற்சியும் உண்டு. எங்கோ ஒசாக்காவிலே படுத்திருக்கும் பெரியவரை முதுகு நோகாமல் எவ்வாறு தூக்கி இருத்துவது, புரையேறாமல் எவ்வாறு கஞ்சி ஊட்டுவது என்பதைக் கற்பிக்க நமது நாட்டிலே வகுப்பு நடக்கின்றது.

நாம் அதனை வெறுக்கவில்லை. இளைஞர் பிழைக்கட்டும். ஆயின் தேயிலைக்கு நேர்ந்த கதியே பராமரிப்புக்கும் நேர்ந்திருப்பதைக் காணாதிருக்க முடியுமா? மேல்தரம் கப்பலேறுகின்றது. தோட்டத்து மக்கள் வாழ்நாளெல்லாம் டஸ்ட் சாயம் குடித்தனர். இன்று முதுமையிலும் அவர்கள் பங்குக்கு எஞ்சியதே வருகின்றது. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து பெண்கள் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வீட்டு வேலைக்கென்று செல்லத் தொடங்கிப் பல்லாண்டுகளாகின்றன. ஊரார் பெற்றோரைப் பேணுகின்றனர். தம் பெற்றோரைப் பக்கத்துக் காம்பராவிடம் ஒப்படைத்துவிட்டுப் போகின்றனர்.

அப்பெண்களுக்கேனும் சட்டம் துணை நிற்கின்றதா? வீட்டு வேலையாட்களை ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒதுக்கி வைத்தது. சம்பள நிருணய சபைகளும் அவர்களைத் தொட்டதில்லை. வெள்ளையர் ஆட்சியிலே 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமொன்று உண்டு. வேலைக்காரரைப் பொலிசில் பதிவு செய்வதே அதன் கவலை! ஓய்வும் விடுமுறையும் ஓய்வுக்காலப் பணமும் இல்லாத ஒருத்தி ஓராண்டுக்கு மேல் ஒரே வீட்டில் நிலைத்திருப்பாளா? ஆள் மாறிக்கொண்டேயிருக்கும் பராமரிப்பு நல்ல பராமரிப்பாகாது. பராமரிப்பவளின் நிலையை விசாரியாமல் பராமரிப்பின் தரத்தை விசாரிப்பது, வேரைப் பாராமல் கொழுந்தைப் பார்ப்பது போன்றதாகும்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம் அறுபது வயது எய்தியோரை முதியோர் என்று வரையறுத்தது. அவர்தம் நலனுக்கென ஒரு தேசிய சபையை நிறுவிற்று. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்றது. புறக்கணிக்கப்பட்டவர் பிள்ளைகளிடமிருந்து தாபரிப்புப் பணம் பெறுவதற்கு ஒரு சபையை ஏற்படுத்திற்று. முதியோருக்கு இல்லமும் சேவையும் நடத்துவோர் பதிவு பெறவேண்டும் என்றது. நல்ல சட்டமே. ஆனால் பதிவு என்பது கடைக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரம் போன்றது. கடையில் விற்கும் அரிசி புழுத்ததா நல்லதா என்பதை அது சொல்லாது. வீட்டிலே நடக்கும் பராமரிப்பு எத்தகையது, அதனை யார் எவ்வளவு காலத்துக்கொரு முறை பார்வையிடுவது, பராமரிக்கப்படுபவரின் வாய்மொழி எங்கே பதியப்படுவது என்பவற்றுக்கு அச்சட்டம் ஒரு முறையை வகுத்துத் தரவில்லை.

தோட்டத்து நிலைமைக்கு அச்சட்டத்தின் தாபரிப்புப் பகுதி பொருந்துமா என்பதும் ஐயமே. மலைக்குப் போய்த் திரும்பும் மருமகள் மீது வழக்குத் தொடுத்து எதனைப் பெறுவது? வேண்டுமென்று புறக்கணிப்போர் எந்தச் சமூகத்திலும் சிலர் இருப்பர். ஈண்டு நாம் பேசுவது வேண்டாமலே புறக்கணிக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டோரைப் பற்றி.

அரசியலமைப்பை நோக்குவோம். சமத்துவத்தைக் கூறும் 12ஆம் உறுப்புரையின் 4ஆம் பந்தி பெண்கள், பிள்ளைகள், இயலாமையுடையோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பேற்பாடு செய்ய இடமளிக்கின்றது. முதியோர் என்ற சொல் அங்கில்லை. போதிய வாழ்க்கைத்தரத்தை அரசு உறுதிப்படுத்தும் என வழிகாட்டித் தத்துவங்கள் கூறுகின்றன; அவற்றை நீதிமன்றத்திலே வலியுறுத்த முடியாதென 29ஆம் உறுப்புரை உடனே கதவடைக்கின்றது. எனவே, சட்டத்தரணிகளாகிய எம் நண்பர்கள் இவ்விடயத்தில் எந்தக் கதவைத் தட்டுவதென்று சிந்திக்கவேண்டும். ஹல்துமுல்லை, அப்புத்தளை, பண்டாரவளை ஆகியவை வர்த்தமானி அறிவித்தலால் இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அங்கே முதியோர் சேவை பற்றிய எந்தப் படிவமும் தமிழில் இருந்தே ஆகவேண்டும். இதுவேனும் நாம் உரிமையோடு தட்டக்கூடிய கதவு.

பணத்தைப் பற்றிச் சிறிது. எழுபது வயதைக் கடந்த வறிய முதியோருக்கான கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அச்சம்பளத்தில் முப்பதாண்டு சேவை முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட்சம்பளமாக 567,000 ரூபா சேரும். பெருந்தொகை போலத் தோன்றும். மகளின் கலியாணமும் பழைய கடனும் கூரைத் தகரமும் போக அதில் எஞ்சுவதென்ன என்பது தோட்டத்தார்க்குத் தெரியும். பத்து ஆண்டு படுக்கைக்கு அது காணாது.

பிள்ளைக் காம்பராவில் உள்ள தராசு

தோட்டங்களில் மனிதரை அளக்கும் வழக்கமே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் உழைக்கும் ஆளையும் பிரசவித்த தாயையும் சிசுவையும் நினைத்தது. உழைத்து முடித்தவரை நினைக்கவில்லை. அக்காலத்தில் பலர் முதுமை எய்துமுன்னரே மாண்டனர், எஞ்சியோர் தமிழகத்துக் கிராமங்களுக்குத் திரும்புவர் என்பதே துரைமாரின் எண்ணம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. பல இலட்சம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர். எஞ்சியோர் இங்கேயே முதுமையெய்தினர். ஆனால் தோட்டத்தின் சுகாதார அமைப்போ இன்றுவரை அந்தப் பழைய எண்ணத்தின்மீதே நிற்கின்றது. மருத்துவமாது உண்டு, பிள்ளைக் காம்பரா உண்டு, அங்கே குழந்தைகளை மாதந்தோறும் நிறுக்கத் தராசு தொங்குகின்றது. குழந்தையின் நிறை ஒரு மாதம் ஏறாவிட்டால் அட்டையிலே கோடு தாழ்கின்றது. அதைக் கண்டு யாரோ ஒருவர் தாயைக் கேள்வி கேட்கின்றார். இந்த ஏற்பாட்டினால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன.

அதே லயத்தில் ஒரு முதியவரின் உடம்பு மாதம் மாதம் உருகிக்கொண்டே போகின்றது. எந்த அட்டையில் எந்தக் கோடு தாழ்கின்றது? குழந்தைக்கு முடிந்தது பாட்டிக்கு ஏன் முடியாது? தராசும் கட்டடமும் பயிற்சி பெற்ற பெண்களும் அங்கேயே இருக்கின்றனர். வேண்டுவது கட்டளையும், அவர்களுக்குரிய மேலதிக சம்பளமுந்தான்.

அன்பை அளக்கலாமா?

நமது நண்பர் சிலர் இதற்கு மாறுகூறுவர். “பெற்றோரைப் பேணுதல் தமிழர் பண்பாடு. அது அன்பின்பாற்பட்டது. அன்பை அளப்பதற்குப் படிவமா? மேல்நாட்டுப் பைத்தியக்காரத்தனம்!” என்பர். அன்பை அளக்க யாரும் சொல்லவில்லை. படுக்கைப்புண்ணை அளக்கலாம் அன்றோ? இரண்டு விரற்கடை இருந்த புண் நான்கு விரற்கடை ஆயிற்றென்றால், அந்த வீட்டிலே அன்பு குறைந்தது என்று பொருளல்ல; புரட்டிவிட ஆளில்லை என்று பொருள். அதை எழுதி வைத்தால் ஆளைக் கேட்கலாம். எழுதி வைக்காவிட்டால் அன்பு மட்டும் எஞ்சும், புண் வளரும்.

“சேவையே இல்லாத இடத்தில் எதன் தரத்தை மதிப்பிடுவது?” என்பது மற்றொரு வினா. இதுவே கூர்மையானது. இதற்கு நீதிமன்ற அனுபவத்திலிருந்து விடை கூறுவோம். வழக்கேட்டில் இல்லாத குறை நீதிபதியின் கண்ணுக்குக் குறையே அன்று. இல்லை என்பதையும் பதிய வேண்டும். ஒரு லயத்தில் படுக்கையில் கிடப்போர் மூவர். கடந்த ஆறு மாதத்தில் அவர்களை வந்து பார்த்த அரச ஊழியர் பூச்சியம் என்று தேதியிட்டு எழுதி, சாட்சிக் கையொப்பமும் வைத்து, பிரதேச செயலாளரின் மேசையில் வைத்துப் பாருங்கள். அந்தப் பூச்சியத்துக்கு அவர் மறுமொழி எழுதியே ஆகவேண்டும். தரம் பார்த்தல் என்பது இருப்பவர்க்குப் புள்ளி போடுவது மாத்திரமன்று. இல்லாமையைக் கணக்கிலே கொண்டுவருவதும் அதுவே.

பிற நாட்டார் இதில் எவ்வாறு தேறினர், எங்கே வழுக்கினர் என்பதை அறிதல் நன்று. இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு முதல் பராமரிப்புத் தர ஆணைக்குழு ஒன்று இயங்குகின்றது. வீட்டுக்கு வந்து பராமரிக்கும் நிறுவனங்களை அது ஐந்து வினாக்களால் சோதிக்கின்றது: பாதுகாப்பானதா, பயன் தருவதா, பரிவுடையதா, தேவைக்கேற்ப அசைந்து கொடுப்பதா, நிருவாகம் ஒழுங்கானதா. பின்னர் நான்கு படித்தரங்களில் ஒன்றைக் கொடுத்து ஊரறிய வெளியிடுகின்றது. அத்தனை ஏற்பாடு இருந்தும் அங்கே பதினைந்து நிமிட வருகை என்ற கேடு வளர்ந்தது. பராமரிப்பாளர் கதவைத் திறந்து, உடுப்பை மாற்றி, மாத்திரையை வாயில் வைத்து, அடுத்த வீட்டுக்கு ஓடுவார். முதியவர் ஒரு வார்த்தை பேசுமுன் கதவு சாத்தப்பட்டுவிடும். 2015ஆம் ஆண்டில் வெளியான அந்நாட்டு வழிகாட்டி, அரைமணிக்குக் குறைந்த வருகை குறிப்பிட்ட சில வேலைகளுக்கேயன்றி ஆகாது என்று சொல்ல நேர்ந்தது. 2022இல் கதவைத் திறந்து நம்மவர் பலரையும் பராமரிப்பு வேலைக்கு அழைத்த அந்நாடு 2025இல் வெளிநாட்டுப் பராமரிப்பாளரைப் புதிதாக அழைப்பதை நிறுத்தியும் விட்டது. வேலை வேண்டும், வேலையாள் வேண்டாம் போலும்!

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் “மக்களைத் தேடி மருத்துவம்” தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருகின்றது. படுக்கையில் இருப்போர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வருகின்றன. இதனை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆயினும் பயனாளிகளின் எண்ணிக்கை கோடியைத் தொட்டது என்ற அறிவிப்பே அங்கும் பெரிய எழுத்தில் வருகின்றது. எண்ணிக்கை வேறு, தரம் வேறு. எமக்கு மிக நெருங்கிய பாடம் கேரளத்தில் உள்ளது. கோழிக்கோட்டில் 1993இல் சிலர் தொடங்கிய நோய்த் தணிப்புச் சங்கம், அயலவரையே தொண்டராகப் பழக்கி வீடு வீடாக அனுப்பிற்று. 2008இல் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. ஊராட்சிகள் தாதியரை அமர்த்தி வீட்டுக்கு அனுப்புகின்றன. தாதியோடு கூடச் செல்பவர் அதே தெருக்காரர். நோயாளியின் குடும்பத்தை அறிந்தவர். குறையை மூடி மறைக்க முடியாதவர். நமது லயத்து அமைப்புக்கு இதனிலும் பொருத்தமானது வேறில்லை.

நமது நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணம் செல்லத் தடையென்று நெடுங்காலம் காட்டப்பட்டது. 2018ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. இனி அந்தச் சாக்கு இல்லை.

எதனைக் கேட்பது?

பெரகல, ஹல்துமுல்லை, கொஸ்லந்தைத் தோட்டங்களுக்கு இலண்டன் படிவத்தை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால் போதாது. இங்கே கேட்கவேண்டிய வினாக்கள் இங்கிருந்தே எழவேண்டும். மலசலகூடம் காம்பராவிலிருந்து எத்தனை படிக்கட்டு கீழே? இரவிலே அங்கே விளக்குண்டா? சுவரில் பிடிகம்பியொன்று பொருத்தக் குடியிருப்பவருக்கு அதிகாரம் உண்டா, அல்லது தோட்ட நிருவாகத்திடம் மனுப்போட வேண்டுமா? வீட்டுப் பராமரிப்பு என்கிறோம். வீடே அவர்களுடையதன்று எனின் அப்பராமரிப்பு எதன்மேல் நிற்பது? கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வீதிவரை தூக்கிச் செல்வது யார்? முச்சக்கர வண்டிக் கூலி கொடுப்பது யார்? கூலி இல்லாமல் எத்தனை கிளினிக் தவறிற்று? வந்து பார்த்த உத்தியோகத்தர் தமிழில் பேசினாரா, அல்லது பத்து வயதுப் பேரன் மொழிபெயர்த்தானா? பாட்டியின் மலச்சிக்கலைப் பேரன் மொழிபெயர்க்க வேண்டிய அவலத்தை எந்தப் படிவம் காட்டும்? பராமரிக்கும் பெண் கடைசியாக ஒரு முழு இரவு உறங்கியது எப்போது? சென்ற முறை வந்தவர்தாமா இம்முறையும் வந்தார்?

இவற்றுக்கெல்லாம் முன்னே, படுத்திருப்பவரையே கேட்கவேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும் என்பது எந்த நிபுணரின் பட்டியலிலும் இராது. பகல் முழுதும் தனித்துக் கிடக்கும் ஒருத்திக்கு வீதியிலே போகும் பஸ் வண்டிதான் உலகம். அதை அவரைத் தவிர வேறு யார் எமக்குச் சொல்லியிருப்பர்?

இன்னொன்றும் உண்டு, அது இப்பகுதிக்கே உரிய கொடிய கேள்வி. மழை பெய்து மண் அசைந்தால் இவரைத் தூக்குவது யார்? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மீரியாபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2005இலும் 2011இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. பாடசாலைக்குச் சென்றுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினர். வீட்டோடு இருந்தோர் புதைந்தனர். வீட்டோடு இருப்போர் எவர் என்பதை நாம் விளக்கவேண்டுமா? 2025 நவம்பரில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் பிளந்தது. எந்த லயத்தில், எந்தக் காம்பராவில், எழுந்து நடக்க இயலாதவர் எத்தனை பேர் என்ற பட்டியல் ஒன்று கிராம உத்தியோகத்தரிடம் இருந்தால், எச்சரிக்கை வந்த மாலையே அவர்களை முதலில் அகற்றலாம். பராமரிப்பைப் பதிவு செய்தல் உயிர் காக்கும் வேலையுமாகும்.

இது மலைநாட்டாரின் துயரம் மட்டுமே என்று வடக்குக் கிழக்கு வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் அனுப்பிய யாழ்ப்பாணத்துக் கமக்காரரும், இன்று பெரிய கல்வீட்டிலே கூலிக்கமர்த்திய ஆளின் கையை எதிர்பார்த்துக் கிடக்கின்றார். மாதந்தோறும் பணம் வருகின்றது. அப்பணத்துக்குத் தக்க பராமரிப்பு நடக்கின்றதா என்று பார்ப்பவர் இல்லை. வீடியோ அழைப்பு வரும் நேரத்துக்கு மட்டும் முகம் கழுவிச் சட்டை மாற்றப்படுகின்றது. லயத்திலே ஆளில்லை, கல்வீட்டிலே ஆளைப் பார்ப்பாரில்லை.

எம் குற்றத்தையும் சொல்லவேண்டும். அரசியல் வேலை செய்வோர் தோட்டத்துக்குப் போகும்போது செக்ரோலில் பெயருள்ளவரையே தேடுகின்றோம். சந்தா கட்டுபவர் அவர். பெயர் வெட்டுப்பட்ட நாளிலே கம்பெனி அவரை மறக்கின்றது, சங்கமும் மறக்கின்றது. கூட்டு ஒப்பந்தம் நடைமுறையிலிருந்த காலத்தில் எத்தனையோ தடவை பேச்சுவார்த்தை மேசையிலே அமர்ந்தோம், நாட்சம்பளத்துக்காகப் போராடினோம். ஓய்வு பெற்றவரின் படுக்கைக்காக ஒரு வாசகம் சேர்க்கவேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை. வாக்குச் சீட்டு வரும்போது மட்டும் அவரை நாற்காலியிலே தூக்கிச் செல்ல ஆள் கிடைக்கின்றனர். அப்போது எந்த ஆட்பற்றாக்குறையும் இருப்பதில்லை!

ஆகவே நாம் வேண்டுவது பெரிய ஆணைக்குழுவன்று. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கிராம உத்தியோகத்தர் பிரிவு தோறும் உள்ள முதியோர் குழுவிலே தோட்டத்து முதியோரும் இடம்பெற வேண்டும். லயத்துக்கொருவர் அதில் இருக்கவேண்டும். படுக்கையிலிருப்போர் பட்டியலை ஆறு மாதத்துக்கொருமுறை அக்குழு திருத்தவேண்டும். பிள்ளைக் காம்பரா ஊழியருக்கும் மருத்துவமாதுவுக்கும் முதியோரைப் பார்வையிடும் பொறுப்பையும் அதற்கான சம்பளத்தையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். பார்வையிட்ட குறிப்பு தமிழில் எழுதப்பட்டு வீட்டிலேயே தொங்கவேண்டும். பிரதி செயலகத்துக்குப் போகவேண்டும். சேவை செய்பவரே தம் சேவைக்குப் புள்ளி போடக்கூடாது. ஓய்வு பெற்ற ஆசிரியர், அஞ்சல் ஊழியர், தோட்ட வைத்திய உதவியாளர் போன்றோரிலிருந்து பார்வையாளரைத் தெரிவு செய்யலாம். தேசிய தொழிற் தகைமைப் பராமரிப்பாளர் வகுப்பொன்று பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ தமிழில் நடைபெற வேண்டும். அதில் தேறுவோரில் ஒரு பகுதியினருக்கேனும் சொந்தத் தோட்டத்திலே சம்பளத்தோடு வேலை கிடைக்கவேண்டும்.

அரசாங்கம் அசையும்வரை கைகட்டி நிற்க எமக்கு விருப்பமில்லை. அக்கொப்பியில் கண்ட நிரல்களையே சிறிது திருத்தி, நாம் மேலே எழுப்பிய வினாக்களுள் சிலவற்றையும் சேர்த்து, கொஸ்லந்தை வீதியிலுள்ள மூன்று லயங்களில் தொடங்க எண்ணியுள்ளோம். ஒரு லயத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர், மாலையில் ஒரு மணி நேரம், போதும். இருவரில் ஒருவர் பெண்ணாக இருத்தல் அவசியம். பாட்டிமார் பலவற்றை ஆண்களிடம் சொல்லமாட்டார்கள். கொப்பிகள் வாங்கியாயிற்று. முதல் மூன்று மாதக் கணக்கு முடிந்ததும், நிரம்பிய பக்கங்களையும் வெற்றுப் பக்கங்களையும் சேர்த்தே பிரதேச செயலாளரிடம் கையளிப்போம். அவர் தரும் மறுமொழியை இவ்விதழிலே வெளியிடுவோம்.